மூன்றாவது தடவை

உள்ளே சத்தம் நின்றுவிட்டது. புளி கரைத்துக்கொண்டிருந்த கையைப் பாத்திரத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு மரகதம் காதைத் தீட்டினாள். இல்லை, நிற்கவில்லை, பக்கம் புரட்டியிருக்கிறார், இதோ மறுபடியும் அந்த முணுமுணுப்பு, அவளுக்கு ஓர் எழுத்தும் புரியாத அந்தப் பாஷை, கல்யாணம் ஆன நாளிலிருந்து கேட்டுக் கேட்டு ஏற்ற இறக்கம் மட்டும் மனப்பாடமாகிவிட்ட பாஷை. மூச்சை விட்டாள். என்ன மனுஷன் இவர், பக்கம் புரட்டும்போதுகூடக் கொஞ்சம் கனைத்துக்கொண்டு புரட்டக் கூடாதா, ஒரு கிழவி இங்கே அடுப்படியில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாளே என்று கொஞ்சமாவது இருக்கிறதா. நேற்றுப் பொழுது சாய்ந்ததிலிருந்து ரூபேன் சோறு தொடவில்லை, தண்ணீர் தொடவில்லை. இன்றைக்குப் பொழுது சாய்ந்து வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிகிற வரைக்கும் தொடமாட்டார். கிப்பூர். யூதர்களுக்கு இதைவிடப் பெரிய நாள் வருஷத்தில் கிடையாது. வருஷம் பூராவும் செய்த தப்புக்கெல்லாம் பட்டினி கிடந்து கடவுளிடம் மன்னிப்புக் கேட்கிற நாள், சாயங்காலம் ஆக ஆக மேலே சொர்க்கத்துக் கதவைச் சாத்த ஆரம்பித்துவிடுவார்களாம், அது முழுசாகச் சாத்துவதற்குள் கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்துவிட வேண்டுமாம். இதில் ஒரு சிக்கல் உண்டு, அதையும் அவர்தான் சொல்லியிருக்கிறார். கடவுளுக்குச் செய்த தப்பைத்தான் கடவுள் மன்னிப்பார். மனுஷருக்குச் செய்த தப்பை அந்த மனுஷர்தான் மன்னிக்க வேண்டும், அவர்கள் மன்னிக்காவிட்டால் அங்கே மேலே எத்தனை முட்டிக்கொண்டாலும் நடக்காது. அதனால் நோன்புக்கு முன்னாலேயே வீட்டில், வெளியில், எல்லாரிடமும் போய்க் கேட்டுவிடுவார்கள். இவர் மரகதத்திடம் கேட்டார். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் மரகதம் மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். இப்போது வெயில் இறங்கிக்கொண்டிருக்கிறது, கதவு சாத்திக்கொண்டிருக்கிறது, அவர் உள்ளே நின்று முட்டிக்கொண்டிருக்கிறார், இவள் இங்கே ரசத்துக்குப் புளி கரைக்கிறாள், புளி கரைந்து எவ்வளவு நேரமோ ஆகிவிட்டது.

மாட்டேன் என்று சொன்னது தப்பா? சொல்லாமல் வேறு என்ன சொல்வாள்? போன வாரம் போன் வந்தது, அவர் குளித்துக்கொண்டிருந்தார், இவள்தான் எடுத்தாள். கல்லறைத் தோட்டத்துக் காவல்காரர் பேசினார். அந்த இடம் மரகதத்துக்குப் புதுசில்லை, கடற்கரைப் பக்கம் ஒரு சின்ன மதிலுக்குள் இருக்கிறது, அங்கேதான் மாமனார் படுத்திருக்கிறார், வருஷா வருஷம் இருவரும் போய்ப் பூவுக்குப் பதிலாக ஒரு சின்னக் கல்லை எடுத்து வைத்துவிட்டு வருவார்கள், அது அவர்கள் வழக்கம். “அம்மா, சார் சொன்ன இடத்துல முள்ளு, புதரு எல்லாம் வெட்டிட்டோம்மா, ஒரு தடவ வந்து பாத்துக்கச் சொல்லுங்க,” என்றார். “எந்த இடம்? பெரியவர் பக்கத்துலயா?” என்றாள். “ஆமாம்மா, அதான் சார் தனக்குன்னு பாத்து வெச்சாரே, அந்த இடம்.” தனக்குன்னு. அந்த ஒரு வார்த்தை காதில் போய் உட்கார்ந்துகொண்டது, இன்னும் எழுந்திருக்கவில்லை. குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவரிடம் கேட்டாள், அவர் துண்டைக் கொடியில் போட்டுவிட்டு, “ஆமா மரகதம், வயசாகுதில்ல,” என்றார். வயசாகுதில்ல! அவருக்கு மட்டும்தான் வயசாகிறது, இவளுக்கு இன்னும் பாவாடை தாவணி. “அப்ப நானு?” என்றாள். அவர் பேச வேண்டியதே இல்லை, அவளுக்கே தெரியும், அந்த மதிலுக்குள் அவர்கள் ஆட்களுக்குத்தான் இடம், இவள் மாறவில்லை, மாறச் சொல்லி அவரும் ஒரு நாள் கேட்டதில்லை, ரெஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம், அவர் வழியில் அவர், இவள் வழியில் இவள், அவர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெழுகுவர்த்தி ஏற்றுவார், இவள் காலையிலேயே குத்துவிளக்கு ஏற்றிவிடுவாள், வீட்டில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை என்று சிரித்துக்கொள்வார்கள். எல்லாம் தெரியும். தெரிந்தாலும் இத்தனை வருஷம் ஒரே கட்டிலில், குறட்டை கேட்டுக்கொண்டு, போர்வைக்குச் சண்டை போட்டுக்கொண்டு படுத்தவள் பக்கத்தில் இருக்கும்போதே, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், போய்த் தனக்கு மட்டும் படுக்கை போட்டுவிட்டு வருவாரா ஒருத்தர்? அதைத்தான் அவளால் ஜீரணிக்க முடியவில்லை. இடம் இல்லை என்பது வருத்தம்தான். சொல்லவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது முதல் தடவை கேட்டார், வியாழக்கிழமை. வழக்கமாகக் கேட்கிற மாதிரியே வந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற முகத்தோடு, “மரகதம், இந்த வருஷம் தெரிஞ்சோ தெரியாமலோ உன் மனசு நோகும்படி ஏதாவது செஞ்சிருந்தா மன்னிச்சுக்கோ.” மற்ற வருஷமெல்லாம் இது இருவருக்கும் ஒரு விளையாட்டு. குக்கரை அணைக்க மறந்துவிட்டுப் பேப்பர் படித்ததை மன்னிக்க முடியாது என்பாள், என் தம்பி மகள் கல்யாணத்தில் மூன்று தடவை வடை கேட்டு வாங்கினதை மன்னிக்கவே முடியாது என்பாள், அவர் முகம் வாடுகிற மாதிரி நடிப்பார், அப்புறம், “சரி போங்க, எல்லாம் மன்னிச்சாச்சு, போய் உங்க சாமிகிட்ட பேசுங்க,” என்று தோளைப் பிடித்துத் தள்ளுவாள். இந்தத் தடவை கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “மாட்டேன்,” என்றாள். இரண்டாவது தடவை நேற்று, நோன்புக்கு முந்தின சாப்பாடு. உப்பு காரம் குறைத்துத்தான் சமைப்பாள், இல்லாவிட்டால் மறுநாள் தொண்டை வறளும் என்று, அந்தச் சப்பென்ற சாப்பாட்டை ருசித்துச் சாப்பிடுகிற மாதிரி சாப்பிட்டுவிட்டு, கை கழுவிவிட்டு, மறுபடியும் வந்து நின்று கேட்டார். அதே வார்த்தை. ஒன்று கூட்டிச் சொன்னாரா, அந்த இடத்தைப் பற்றி வாயைத் திறந்தாரா, இல்லையே! “மாட்டேன். தனியாத்தானே போறீங்க, மன்னிப்பையும் தனியாவே வாங்கிக்குங்க,” என்று சொல்லிவிட்டாள். சொன்ன வேகத்தில் தட்டைத் தொட்டியில் போட்டாள், அது வேறு பெரிய சத்தம் போட்டது. அவர் தலையை மட்டும் ஆட்டினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோல் செருப்பு ஆகாது என்று காலில் ரப்பர் செருப்பு. மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு உள்ளே போனார், போகும்போது கதவைச் சாத்தவில்லை, ஒருக்களித்து வைத்தார். அந்த ஒருக்களித்த கதவைத்தான் நேற்றிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

மூன்றாவது தடவை கேட்டிருக்கலாமே? அதுதான் நெஞ்சில் சுற்றிச் சுற்றி வருகிறது, எங்கே தொடங்கினாலும் அங்கேயே போய் முட்டுகிறது. மூன்று தடவை கேட்க வேண்டும் என்று அவர்தான் சொன்னார், கல்யாணமான முதல் வருஷம், கட்டிலில் படுத்துக்கொண்டு, ஒருத்தர் மன்னிக்க மாட்டேன் என்றால் மறுபடி போகணும், மறுபடியும் மாட்டேன் என்றால் மறுபடியும் போகணும், மூன்று தடவை, அதுதான் சட்டம் என்றார். “அதுக்கு மேலயும் மாட்டேன்னா?” என்று கேட்டதற்கு என்ன சொன்னார்? தூங்கிப்போய்விட்டார், பாதியில், அது அவருக்கு வாடிக்கை. நேற்று ராத்திரியெல்லாம் மூன்றாவது தடவைக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். அவர் கேட்டால் மன்னித்துவிடுவதென்று முடிவே பண்ணி வைத்திருந்தாள், மூக்கைச் சிந்திக்கொண்டு, “சரி போங்க,” என்று சொல்ல எல்லாம் தயார். காலையில் எழுந்தார், வந்தார், அவள் முகத்தைப் பார்த்தார், “தூங்கினியா?” என்றார், போய்விட்டார். பெரிய கௌரவம்! இரண்டு தடவை இறங்கி வந்தாச்சு, இனிமேல் வரமாட்டேன் என்கிற கௌரவம். கடவுளிடம் மார்பில் குத்திக்கொண்டு கெஞ்சலாம், பெண்டாட்டியிடம் மூன்றாவது தடவை கேட்டால் கிரீடம் இறங்கிவிடுமா? சட்டத்தில் ஒரு புள்ளி பிசகமாட்டார், தண்ணீர் குடிப்பதிலிருந்து தீக்குச்சி கிழிப்பது வரைக்கும் எல்லாம் கணக்கு, இதில் மட்டும் இரண்டோடு நிறுத்திக்கொண்டார். அப்படியானால் இவளுடைய மன்னிப்பு அவருக்கு வேண்டாம் என்றுதானே அர்த்தம்? வேண்டாமா? மரகதத்தின் மன்னிப்பு வேண்டாமா அவருக்கு? ரசப் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டு அடுப்பைப் பற்ற வைக்க மறந்து நின்றாள்.

உள்ளே குரல் கொஞ்சம் உயர்ந்தது, தாழ்ந்தது. கரகரப்பு. காலையில் இருந்த ஈரம் இப்போது அந்தக் குரலில் இல்லை. இந்தக் குரலைத்தான் முதலில் தெரியும், முகம் பின்னால்தான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த காலம், ஹார்பர் பக்கத்துக் கம்பெனியிலிருந்து ஓர் ஆள் கொச்சிக்கு டிரங்க் கால் கேட்பார், மற்றவரெல்லாம், “என்னம்மா, இன்னும் லைன் வரலியா, தூங்கறீங்களா?” என்று எரிந்து விழுவார்கள், இந்த ஆள் மட்டும், “பரவாயில்லீங்க, கிடைக்கிறப்ப குடுங்க,” என்பார். கிடைக்கிறப்ப குடுங்க! அந்த மாதிரிப் பேசுகிறவர்கள் உலகத்திலேயே உண்டா என்று பக்கத்து சீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரித்தாள். அப்புறம் அவருக்கு மட்டும் சீக்கிரம் லைன் கிடைக்க ஆரம்பித்தது, அதெல்லாம் ஏன் எப்படி என்று யாரும் கேட்க வேண்டாம். ஒரு நாள் மூன்று நிமிஷம் பேசி முடித்துவிட்டு, வைக்காமல், “நீங்க சாப்பிட்டாச்சா?” என்று கேட்டார். அவ்வளவுதான், மரகதம் விழுந்துவிட்டாள். குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள் அவள், ஜலதோஷமா, சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறாரா, பொய் சொல்கிறாரா எல்லாம் தெரியும், அந்தக் காதுதான் இப்போது ஒருக்களித்த கதவுக்குள் போய் அந்தக் கரகரப்பைத் தடவித் தடவிப் பார்க்கிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் இழுக்கிறார். சர்க்கரை இறங்குகிறது. நிச்சயம் இறங்குகிறது.

மத்தியானம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். டாக்டர் நோன்பே கூடாது என்றார், இவர் மாட்டேன் என்றார், கடைசியில் மும்பையில் இருக்கிற ஒரு ரப்பியிடம், அவர்கள் மதகுருவிடம், போனில் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள், முடியாதவர்கள் வாய் நிறையாத அளவுக்குத் தண்ணீர் குடிக்கலாம், கொஞ்ச நேரம் விட்டு இன்னும் கொஞ்சம், அது நோன்பை முறித்ததாக ஆகாதாம். இருமல் மருந்து பாட்டிலின் மூடி இருக்கிறதே, அதைக் கழுவி, தண்ணீர் ஊற்றி, தட்டில் வைத்துக் கொண்டுபோனாள், சாமிக்கு நைவேத்தியம் வைக்கிற மாதிரி. “இன்னும் தாங்குது மரகதம். தேவைப்பட்டா நானே கேக்கறேன்,” என்றார். உதடு வெடித்திருந்தது. பிறகு, நோன்பு நாளாக இருந்தாலும், பெண்டாட்டி மன்னிக்காத நாளாக இருந்தாலும், அந்தப் பழைய கேள்வியை விடமாட்டார், “நீ சாப்பிட்டியா?” என்றார். “சாப்பிட்டேன்,” என்றாள் சட்டென்று. பொய். மற்ற வருஷமெல்லாம் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு, வாசனை அந்தப் பக்கம் போகாத மாதிரி, மோர்சாதத்தை அவசர அவசரமாக விழுங்குவாள், திருட்டுப் பூனைக்கு நம் வீட்டில் என்ன வேலை என்று அவர் உள்ளேயிருந்து கேலி செய்வார். இன்றைக்குத் தட்டில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள், இறங்கவில்லை. தொண்டையில் மாட்டேன் என்கிற வார்த்தையே நின்றுகொண்டிருக்கும்போது சோறு எந்த வழியாக இறங்கும்? நல்லவேளை, இன்றைக்குப் புரட்டாசிச் சனிக்கிழமை, யார் கேட்டாலும் பெருமாளுக்கு விரதம் என்று சொல்லிக்கொள்ளலாம், அவரும் பட்டினி, இவளும் பட்டினி, சாமிதான் வேறே வேறே. பொய் சொன்னதற்கு யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்றும் ஒரு யோசனை வந்தது. அவரிடம்தான் கேட்க வேண்டும். அவர்கள் சட்டப்படி மனுஷருக்குச் செய்ததை மனுஷரிடம்தான் கேட்க வேண்டும். நன்றாக இருக்கிறது கதை!

டொக், டொக், என்று மெல்ல ஒரு சத்தம். மார்பில் குத்திக்கொள்கிறார். ஒவ்வொரு பாவமாகச் சொல்லிச் சொல்லி விரலை மடக்கிக்கொண்டு குத்திக்கொள்வது, திருடினோம், பொய் சொன்னோம், வம்பு பேசினோம், கோபப்பட்டோம் என்று பெரிய பட்டியல். ஒரு வருஷம் பக்கத்தில் நின்று கேட்டாள், “நீங்க எப்பங்க திருடினீங்க? ஆபீஸ்லேருந்து ஒரு பென்சில்கூட கொண்டு வந்ததில்லையே!” அவர் சிரித்தார். “நான் திருடலேன்னாலும் யாராவது திருடியிருப்பாங்கல்ல, எல்லாருக்கும் சேத்து ஒருத்தன் சொல்றதுதான் இது.” “அந்த எல்லாருக்குள்ள நானும் உண்டா?” “நீ இல்லாம எப்படி?” என்றார். நீ இல்லாம எப்படி! பத்து ஆண்கள் கூடினால்தான் சொல்ல முடிகிற ஜெபங்கள் உண்டாம், சென்னையில் பத்துப் பேருக்கு எங்கே போவது, தனி ஆளுக்கு விதித்ததை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பார், “எங்க அண்ணன் தம்பிங்க, சித்தப்பா பிள்ளைங்க எல்லாரையும் வரச் சொல்லட்டுமா, பத்து என்ன, இருபது பேர் வருவாங்க,” என்பாள், “வருவாங்க, அப்புறம் சாப்பாடு எப்பன்னு கேப்பாங்க,” என்பார். அவருக்கென்று இந்த ஊரில் யார் இருக்கிறார்கள். பிள்ளை இல்லை. கூடப் பிறந்தவள் ஒருத்தி இருந்தாள், அவளும் போய்விட்டாள். இருப்பது மரகதம் ஒருத்தி. அந்த ஒருத்தியும் மாட்டேன் என்றுவிட்டாள். ஐயோ, என்ன காரியம் பண்ணிவிட்டோம் என்று இப்போது முதன்முறையாக அவளுக்கு உறைத்தது. ஒருவேளை உள்ளே ஏதாவது ஆகிவிட்டால்? இந்த நாளில், இப்படியே, மன்னிக்காத பெண்டாட்டியின் புருஷனாக அவர் போய்விட்டால்? அந்தக் கதவுக்கு முன்னால் போய் நின்று என்ன சொல்வார்? ரெண்டு தடவ கேட்டேன், குடுக்கல என்பாரா? சொல்லமாட்டார். யாரையும் காட்டிக்கொடுக்கிற ஆள் இல்லை. நானே கேக்கல என்றுதான் சொல்வார், பாவி மனுஷன்.

பால்கனிக்கு வந்தாள். நட்சத்திரம் பார்க்கிறது இந்த வீட்டில் அவள் வேலை. அவர் ஜெபத்தில் நின்றுகொண்டு வானத்தைப் பார்க்க முடியாது, இவள் பார்த்து மூன்று தெரிந்ததும் போய்ச் சொல்வாள், சொன்னால்தான் நோன்பு முடிந்தது. புரசைவாக்கத்து வானம், அது கிடைத்தாலே பெரிசு, எதிர் பில்டிங்குக்கும் தண்ணீர் டேங்க்குக்கும் நடுவில் ஒரு துண்டு. அந்தத் துண்டிலும் மேகம். தெருவில் யார் வீட்டிலோ கோவிந்தா என்று ஒரு கூட்டம் சத்தம் போட்டது, கற்பூர வாசனையும் எண்ணெய் வாசனையும் சேர்ந்து வந்தன. மேல் வீட்டு கௌசல்யா துணி எடுக்க வந்தவள் கம்பி வழியாகத் தலையை நீட்டினாள். “என்னக்கா, தளிகை போட்டாச்சா?” “ஆச்சு ஆச்சு.” “சார் எங்க, ஆளையே காணோம்?” “நோன்பு.” “அவருமா?” என்று வாயைப் பிளந்தாள் கௌசல்யா. “பாருங்களேன், உங்களுக்காகப் புரட்டாசி சனிக்கிழமைகூட இருக்கறாரே, குடுத்து வெச்சவங்கக்கா நீங்க.” மரகதத்துக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டும் ஒன்றாக வந்து மூக்கில் அடைத்துக்கொண்டன. குடுத்து வெச்சவதான். யார் இல்லையென்றார்கள்? மேகம் நகருகிறதா பார்த்தாள். நகரவேண்டாம் என்றும் இருந்தது. நட்சத்திரம் தெரிந்துவிட்டால் கதவு சாத்தியாகிவிடும், அப்புறம் மன்னிக்கிறேன் என்று சொன்னால் அது செல்லுமா, செல்லாதா, யாரைப் போய்க் கேட்பது. தெரியாவிட்டாலோ அவர் சாப்பிடமாட்டார், தண்ணீர் குடிக்கமாட்டார், சர்க்கரை இறங்கிக்கொண்டே போகும். சீக்கிரம் வா என்றும் வராதே என்றும் ஒரே வானத்திடம் ஒரே வாயால் வேண்டிக்கொண்டு நிற்கிற பைத்தியம் இந்தத் தெருவில் தான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டாள். டேங்க்குக்கு மேலே ஒரு கிழிசல் விழுந்தது, அதற்குள் ஒன்று மினுங்கியது. ஒன்று. விமானமாக இருக்கும். இல்லை, நகரவில்லை. ஒன்று.

அப்போதுதான் கவனித்தாள், சத்தம் இல்லை. பக்கம் புரட்டுகிற இடைவெளி இல்லை இது, அதைவிடப் பெரிது. ஓடினாள். இடுப்பு மேஜை முனையில் இடித்தது, வலித்ததா என்றுகூடத் தெரியவில்லை, தட்டில் இருந்த மூடியையும் தண்ணீர்ச் செம்பையும் எப்படிக் கையில் எடுத்தாள் என்பதும் தெரியவில்லை. ரூபேன் நின்றுகொண்டிருந்தார். நின்றுகொண்டுதான் இருந்தார். மேற்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு, இரண்டு கையாலும் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, உதடு மட்டும் அசைய. கடைசி ஜெபம், கதவு சாத்துகிற நேரத்து ஜெபம், அதை நின்றுகொண்டுதான் சொல்வார், மனசுக்குள்தான் சொல்வார், வருஷா வருஷம் அப்படித்தான், அவளுக்குத் தெரியாததா, பயத்தில் மறந்துவிட்டாள். வேட்டி இடுப்பில் தொளதொளவென்று இருந்தது. பின்கழுத்தில் வியர்வை. இந்தக் கழுத்தை விட்டுவிட்டு நான் எங்கே போவேன் என்று நினைத்தாள், அப்படியே, அந்த வார்த்தைகளிலேயே நினைத்தாள். அவர் மூன்று அடி பின்னால் வந்து, இடமும் வலமும் தலை குனிந்து, முடித்துவிட்டு, நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். கண்ணைத் திறந்ததும் எதிரே செம்பும் மூடியுமாக மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிற பெண்டாட்டியைப் பார்த்தார்.

“தெரிஞ்சுதா?” என்றார். நட்சத்திரத்தைக் கேட்டார்.

“ஒண்ணுதான். முதல்ல இதைக் குடிங்க. ரப்பி சொன்ன அளவுதான், வாய் நிறையாது.”

அவர் குடித்தார். ஒரு மூடி. அந்த ஒரு மூடித் தண்ணீர் தொண்டையில் இறங்குவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எதையும் யோசிக்காமல், பகலெல்லாம் சுற்றிச் சுற்றி வந்த அந்த ஒன்றே வாயிலிருந்து விழுந்தது. “மூணாவது தடவ ஏன் கேக்கல?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “எதை?”

“எதையா? ரெண்டு தடவ கேட்டீங்க. மூணு தடவ கேக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க. நான் ராத்திரி பூரா முழிச்சிட்டிருந்தேன். அவ்வளவு கௌரவமா உங்களுக்கு?”

“கௌரவமா?” ரூபேன் உதட்டை ஈரப்படுத்திக்கொள்ளப் பார்த்தார், ஈரம் இல்லை. “உனக்கு அது பாதிதான் தெரியும் மரகதம். மூணாவது தடவையும் ஒருத்தர் மாட்டேன்னு சொல்லிட்டா, அதுக்கப்புறம் கேட்டவன் மேல தப்பு கிடையாது. மன்னிக்காதவங்க மேல போயிடும். சட்டம் அப்படி.” மூச்சு வாங்கியது. “நீ இருந்த கோவத்துக்கு மூணாவது தடவையும் மாட்டேன்னுதான் சொல்லியிருப்ப. தப்புப் பண்ணினது நான். அதைத் தூக்கி உன் தலையில போட்டுட்டு நான் சுத்தமாயிட்டு எழுந்திருக்கணுமா? அதான் ரெண்டோட நிறுத்திட்டேன். எங்கிட்டயே இருக்கட்டும்னு.”

மரகதம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அட கடவுளே. நேற்றிலிருந்து இந்த மனுஷன் அதைத் தன் மேலேயே வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். கதவு சாத்துகிறது என்று தெரிந்தே, கேட்டால் இறக்கி வைத்துவிடலாம் என்று தெரிந்தே, இவள் மேல் விழக் கூடாதென்று கேட்காமல், பட்டினியோடு, வெடித்த உதட்டோடு, மற்ற பாவத்துக்கெல்லாம் மார்பில் குத்திக்கொண்டு. இவள் அதற்குக் கௌரவம் என்று பேர் வைத்தாள். கிரீடம் என்றாள். அவளுக்குத் தாங்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள், சத்தமாகவே அழுதாள், அவர், “அழாத, அழாத, ஏற்கெனவே ஒண்ணும் சாப்பிடல நீ,” என்றார். தெரிந்திருக்கிறது. பொய் சொன்னதும் தெரிந்திருக்கிறது.

“கேளுங்க,” என்றாள்.

“என்ன?”

“மூணாவது தடவ. இப்பக் கேளுங்க. சீக்கிரம், இருட்டுது.”

அவர் எழுந்திருக்கப் பார்த்தார், அவள் முழங்காலைப் பிடித்து உட்கார வைத்தாள். கையைக் கட்டிக்கொண்டார். ஆனால் பாடம் ஒப்பிக்கவில்லை. “உங்கிட்ட சொல்லாமப் போய் இடம் பாத்தேன். சொன்னா நானும் வரேன்னு சொல்லுவ. அப்ப உனக்கு அங்க இடம் இல்லன்னு என் வாயால சொல்லணும். அதுக்குத் தைரியம் வரல மரகதம். கோழைத்தனம். வேற ஒண்ணும் இல்ல. மன்னிச்சுக்கோ.”

“மன்னிச்சேன்,” என்றாள் மரகதம். “எப்பவோ மன்னிச்சாச்சு. நானும் பொய் சொன்னேன், கண்டபடி பேசினேன், நீங்களும் மன்னிச்சிடுங்க.” மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் கரைந்துகொண்டே போனது, எதிர் பில்டிங்கில் ஒவ்வொன்றாக விளக்குப் போட்டார்கள். வயிற்றெரிச்சல் போய்விட்டது. வருத்தம் போகவில்லை, அது அங்கேயே இருந்தது, அதையும் இப்போதே சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. “ஆனா எனக்கு ஒண்ணு வேணும்.”

“சொல்லு.”

“நான் எரிஞ்சுதான் போவேன், எங்க வழக்கம் அது. உங்க ஆளுங்க மாதிரி எனக்குக் கல்லு வேணாம், பேரு வேணாம், இடமே வேணாம். ஒரு பிடி சாம்பல். கடல்ல கரைக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு பிடி எடுத்து, உங்க பக்கத்துல மண்ணுல வெச்சுடணும். கையால நோண்டினாப் போதும். நான் முன்ன போனா நீங்க வைங்க. நீங்க முன்ன போனா வைக்கறதுக்கு நான் யாரையாவது ஏற்பாடு பண்ணிக்கறேன். ஆனா நீங்க இப்பவே சரின்னு சொல்லணும். நீங்க சொல்லாம நான் அங்க வரமாட்டேன்.”

ரூபேன் தலைக்குள் எதையோ புரட்டிக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது, சட்டத்தைத்தான் புரட்டுகிறார், சாம்பல், அந்த மதில், அந்த மண், ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்க்கிறார், எதிலும் வழி இல்லை. சர்க்கரை இறங்கிக் கண் இருட்டினாலும் ஒரு மூடிக்கு மேலே தண்ணீர் குடிக்காத மனுஷன், இவரிடம் போய் இதைக் கேட்கிறோமே என்று அவளுக்கே பாவமாக இருந்தது. ஆகாது என்று சொன்னாலும் கோபித்துக்கொள்வதில்லை என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டாள். அவர் கை நீண்டு அவள் தலைமேல் வந்து உட்கார்ந்தது. ஜில்லென்று இருந்தது.

“சரி,” என்றார். “வெச்சுடலாம்.”

“உங்க சட்டம்?”

“தப்புதான். ரொம்பப் பெரிய தப்பு,” என்றார் ரூபேன். “அடுத்த வருஷம் அதுக்கும் சேத்து மன்னிப்புக் கேட்டுக்கறேன்.”